ஷேர்பாயிண்டில் டேக் போட இறங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் தரப் பிரிவு ஆவணங்களை ஷேர்பாயிண்டில் (மைக்ரோசாஃப்டின் ஆவணப் பகிர்வுத் தளம்) வகைப்பாடு போட்டு ஒழுங்குபடுத்தும் வேலை ஒருவழியாக முடிந்தது. இதே வேலை தலையில் விழுந்தவர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்று எழுதி வைக்கிறேன். லைப்ரரி (கோப்புகள் இருக்கும் இடம்), டெர்ம் ஸ்டோர் (டேக் பெயர்களை வைக்கும் இடம்) எல்லாம் ஓரளவு பழகியவர்களுக்கான பதிவு இது.

நாங்கள் வாகன உதிரிபாகம் செய்கிறோம். எந்தெந்த டேக் வேண்டும் என்பதற்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை. வாடிக்கையாளரிடம் பாகத்துக்கு ஒப்புதல் வாங்கக் கொடுக்கும் பி.பி.ஏ.பி. கோப்பில் 18 உறுப்புகள் ஏற்கெனவே பெயரோடு இருக்கின்றன: டிசைன் ரெக்கார்டு, ப்ராசஸ் ஃப்ளோ, பி.எஃப்.எம்.இ.ஏ. (தயாரிப்பில் எங்கே என்ன தவறலாம் என்ற ஆய்வு), கன்ட்ரோல் பிளான் (தரக் கட்டுப்பாட்டுத் திட்டம்), எம்.எஸ்.ஏ. (அளவிடும் முறையின் ஆய்வு), பி.எஸ்.டபிள்யூ. (ஒப்புதலுக்கான உறுதிச் சான்று) என்று. லைன் இன்ஸ்பெக்டர் முதல் ஆடிட்டர் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் பெயர்கள். அதையே 'ஆவண வகை' என்று ஒரு டெர்ம் செட் (டேக் பெயர்ப் பட்டியல்) ஆக்கிவிட்டோம். வாடிக்கையாளருக்கு ஒன்று, பாகக் குடும்பத்துக்கு ஒன்று. அவ்வளவுதான், மூன்றே செட், லைப்ரரியில் அவற்றுக்கு மூன்று நெடுவரிசை.

இதற்கும் சண்டை போட வேண்டியிருந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய ஆலோசகர், மேல்மட்டத்தில் துறைகளின் பெயர்தான் வர வேண்டும், அதற்குக் கீழே ஐந்தாறு அடுக்கு போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டெர்ம் செட்டில் ஏழு அடுக்கு வரை போகலாம் என்பது உண்மைதான். போகலாம் என்பதற்காகப் போகக் கூடாது. துறைகளை நிர்வாகம் நினைத்தால் பிரிக்கும், நினைத்தால் சேர்க்கும். கன்ட்ரோல் பிளான் எந்தத் துறைக்குப் போனாலும் கன்ட்ரோல் பிளான்தான். பாக எண்ணையும் டெர்ம் ஆக்காதீர்கள். தினமும் புது எண் வரும், ஒவ்வொன்றுக்கும் யார் உட்கார்ந்து சேர்ப்பது? அதற்குச் சாதாரண எழுத்து நெடுவரிசை போதும்.

அடுத்தது அனுமதி. டெர்ம் ஸ்டோரில் புதிதாக ஒரு குரூப் (டெர்ம் செட்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) திறக்க, டெர்ம் ஸ்டோர் அட்மின் உரிமை உள்ளவரால்தான் முடியும். எங்களுக்கு அது இல்லை. தலைமை அலுவலக ஐ.டி.க்கு டிக்கெட் போட்டால், "நீங்கள் சைட் ஓனர்தானே, உங்கள் சைட்டிலேயே செய்துகொள்ளலாம்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். திரும்பத் திறந்தால் திரும்ப மூடுகிறார்கள். சைட் ஓனர் தன் சைட்டுக்குள் டெர்ம் செட் செய்துகொள்ளலாம் என்பது சரிதான். ஆனால் அது அந்தச் சைட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் இன்னொரு பிளான்ட்டும் அதே பட்டியலைத்தானே பயன்படுத்த வேண்டும்? கடைசியில் எங்கள் தரப் பிரிவுத் தலைவர் நேரடியாக போன் போட்டு, "அட்மின் உரிமை வேண்டாம்மா, குரூப்பை மட்டும் நீங்கள் திறந்து, இவங்களை குரூப் மேனேஜராகப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. நீங்களும் இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். அட்மின் உரிமை என்று கேட்டாலே அங்கே பயந்துவிடுகிறார்கள்.

சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டேக் பட்டியலை ஏற்றுவது சுலபம். எக்செலில் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் காக்கும் குறியீடு) வகையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் தமிழ்ப் பெயர்களும் விட்டக் குறியும் கொத்துக்கறியாகிவிடும். டெர்ம் பெயரில் '&' குறியே வேண்டாம். டெர்ம் ஸ்டோர் அதை எடுத்துக்கொள்வதுபோலத்தான் தெரியும். உள்ளே அதே தோற்றமுள்ள, அகலமான வேறொரு குறியாக மாற்றி வைத்துக்கொள்ளும். பழைய கோப்புகளுக்கு மொத்தமாக டேக் போட ஸ்கிரிப்ட் ஓட்டினால் அந்தப் பெயர்கள் மட்டும் பொருந்தாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். டேக் இல்லாமல் ஒரு கோப்புகூட உள்ளே வரக் கூடாது என்று சொல்லி, அந்த ஆலோசகர் மூன்று நெடுவரிசைகளையும் 'கட்டாயம்' என்று மாற்றிவிட்டுப் போனார். எங்கள் ஷாப் ஃப்ளோர் கணினிகளில் யாரும் பிரவுசரில் லைப்ரரியைத் திறப்பதில்லை. ஒன்டிரைவ் வழியாகக் கணினியோடு சிங்க் செய்து, சாதாரண ஃபோல்டராகத்தான் பார்ப்பார்கள். லைப்ரரியில் கட்டாய நெடுவரிசை ஒன்று இருந்தாலே அந்தச் சிங்க் ஃபோல்டர் படிக்க மட்டும் என்றாகிவிடும். கோப்பின் மேல் பூட்டுப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். செக்-அவுட் (திருத்தும் முன் கோப்பைத் தன் பெயரில் எடுத்துக்கொள்வது) கட்டாயம் என்று வைத்தாலும் இதே கதிதான்.

மறுநாள் காலையில் நைட் ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். "சார், ஃபைல் திறக்குது, சேவ் ஆகமாட்டேங்குது. எல்லாத்தையும் டெஸ்க்டாப்புலதான் போட்டு வெச்சிருக்கோம்." அந்த ஷிஃப்டின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எல்லாம் ஆளுக்கொரு கணினியில் கிடந்தது. எந்தப் பிரச்சினை தீர வேண்டும் என்று இத்தனையும் செய்தோமோ அதுவே இன்னும் பெரிதாகித் திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆலோசகரைக் கேட்டால், "எல்லோரையும் பிரவுசருக்குப் பழக்குங்கள்" என்கிறார். கிரீஸ் கையோடு நிற்கிற மனிதர் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மூன்று பெட்டியை நிரப்பிக்கொண்டிருப்பாரா? அந்தக் கணினியின் முன்னால் அவர் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

தீர்வு லைப்ரரி செட்டிங்ஸிலேயே இருந்தது. நெடுவரிசைகளின் இயல்பு மதிப்பை ஃபோல்டர் வாரியாக வைத்துக்கொள்ளலாம். கட்டாயத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டருக்கும் அந்த வாடிக்கையாளர் டேக், அதற்குள் இருக்கும் ஃபோல்டருக்கு ஆவண வகை டேக் என்று வைத்தோம். இப்போது இன்ஸ்பெக்டர் பழையபடி கோப்பை ஃபோல்டரில் போடுகிறார். டேக் தானாக ஒட்டிக்கொள்கிறது. அவருக்கு டேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம். கவனம்: இது புதிதாக வரும் கோப்புகளுக்குத்தான். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு கிரிட் வியூவில் (கட்டங்களாகத் தெரியும் பட்டியல்) திறந்து, எக்செல்போல இழுத்து நிரப்ப வேண்டும். விடுபட்டவற்றைப் பிடிக்க, டேக் காலியாக இருப்பவை மட்டும் தெரியும்படி ஒரு வியூ வைத்திருக்கிறோம். வாரம் ஒரு முறை ஒருவர் அதைத் திறந்து சரிசெய்கிறார்.

வியூ செய்யும்போது 5,000 உருப்படிகள் என்ற வரம்பை மனதில் வையுங்கள். லைப்ரரி அதைத் தாண்டிவிட்டால், இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடாத நெடுவரிசையில் வடிகட்டும் வியூக்கள் மக்கர் செய்யத் தொடங்கும். தாண்டுவதற்கு முன்பே இன்டெக்ஸ் போட்டுவிடுவது நிம்மதி. நெடுவரிசையை ஒரு லைப்ரரிக்குள் மட்டும் செய்யாமல், சைட் முழுவதற்குமான சைட் நெடுவரிசையாகச் செய்யுங்கள். அப்போதுதான் தேடலில் வடிகட்டத் தேவையான மேனேஜ்டு ப்ராபர்ட்டி (தேடல் புரிந்துகொள்ளும் புலம்) தானாக உருவாகும். அதுவும் உடனே வராது, கிரால் (தேடல் எஞ்சின் கோப்புகளைப் படித்துப் பதிவது) முடிய வேண்டும்.

போன வாரம் வாடிக்கையாளர் ஆடிட். ஒரு பாகத்தின் கன்ட்ரோல் பிளானையும் அதற்கான எம்.எஸ்.ஏ.யையும் கேட்டார்கள். பாக எண்ணைத் தட்டி, ஆவண வகையில் இரண்டைத் தேர்ந்தெடுத்தோம், திரையில் வந்து நின்றன. ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முந்தைய ஆடிட்டில் இதே கேள்விக்கு நான்கு பேர் ஓடியதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நிமிடத்தின் அருமை தெரியும்.

இன்னும் ஒன்று. வேண்டாத டெர்மை அழிக்காதீர்கள், டெப்ரிகேட் செய்யுங்கள் (இனி பயன்படுத்த வேண்டாம் என்று குறியுங்கள்); பழைய கோப்புகளில் டேக் அப்படியே இருக்கும், புதிதாக யாரும் போட முடியாது. ஒரே பொருளில் இரண்டு டெர்ம் வந்துவிட்டால் மெர்ஜ் செய்யலாம், அதாவது ஒன்றாக இணைக்கலாம். ஆனால் மெர்ஜ் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதனால் இரண்டு டேக்கையும் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கை வையுங்கள்.