குழுவை விட்டு வந்த பீட்டர் கேப்ரியல்

ஒரு ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகர் விலகினால், அவர் அடையாளம் தெரியாமல் போவார் அல்லது குழு கலைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே வழக்கம். 1975இல் ஜெனிசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் விலகியபோது இரண்டுமே நடக்கவில்லை. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் பாடகராகி, குழு முன்னைவிடப் பெரிய புகழை அடைந்தது. 1986இல் அமெரிக்கப் பட்டியலில் ஜெனிசிஸின் பாடலை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு அங்கே ஏறியது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. ரசிகர்கள் இதைப் போட்டிக் கதையாகச் சொல்லி மகிழ்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: தனியாகப் பாட வந்த இந்த மனிதர், ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் இசையில் பிறருக்கே அதிக இடம் கொடுத்துக்கொண்டு போனார்.

1950 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். தந்தை மின்பொறியாளர்; தாய் இசைப் பழக்கமுள்ள குடும்பத்திலிருந்து வந்தவர். கருவிகள் மீதான ஆர்வமும் பாட்டும் மகனிடம் கடைசிவரை பிரியாமல் இருந்ததற்கு இந்த வீடே காரணம் என்று நினைக்கிறேன். சார்ட்டர்ஹவுஸ் உறைவிடப் பள்ளியில் டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட் முதலிய மாணவர்களோடு சேர்ந்து 1967இல் தொடங்கியதுதான் ஜெனிசிஸ். 1969இல் வந்த முதல் ஆல்பத்தை ஏறக்குறைய யாருமே வாங்கவில்லை.

அக்குழுவின் மேடையில் பன்னிரண்டு தந்திக் கிதார்களுக்குச் சுருதி சேர்க்க நெடுநேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப, இயல்பில் கூச்சம் மிகுந்த கேப்ரியல், விசித்திரமான குட்டிக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். 1972 செப்டம்பரில் டப்ளினில் நடந்த கச்சேரியில், சக கலைஞர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மனைவியின் சிவப்பு கவுனை அணிந்து, தலையில் நரிமுகத்தை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். பத்திரிகைகள் அந்தப் படங்களைப் பெரிதாக வெளியிட்டன; குழுவுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் ஐவரும் சேர்ந்து உருவாக்கும் இசை ஒருவருடைய வேடத்துக்குப் பின்னால் மறைகிறது என்ற மனத்தாங்கலும் அப்போதே முளைத்தது.

1974இல் இரட்டை ஆல்பம் ஒன்றை உருவாக்கியபோது அது முற்றியது. பாடல்வரிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தானே எழுதுவேன் என்று கேப்ரியல் பிடிவாதமாக நின்றார். அதே மாதங்களில் அவருடைய முதல் குழந்தை உயிருக்குப் போராடும் நிலையில் பிறந்தது. மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையில் அவர் அலைந்தார். அவருடைய தவிப்பைக் குழுவினர் அன்று உரிய அளவில் புரிந்துகொள்ளவில்லை. சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே விலகும் முடிவைச் சொல்லிவிட்டார். ஆனாலும், குழு கடனில் இருந்ததால், அடுத்த ஆண்டு மே மாதம் கடைசிக் கச்சேரி முடியும்வரை ஒவ்வோர் இரவும் பாடிக் கொடுத்துவிட்டே போனார். விலகல் என்றாலே வசைபாடலாக முடியும் துறையில் இந்தப் பொறுப்புணர்வு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விலகிய அனுபவத்தையே பாடிய 'சால்ஸ்பரி ஹில்' 1977இல் வந்தது. பாத் நகருக்கு அருகில் உள்ள ஒரு குன்றின் பெயர் அது. பாடலின் பெரும்பகுதி ஏழு அடிகள் கொண்ட சுழற்சியில் நடக்கிறது. மிஸ்ர சாபுக்குப் பழகிய காதுகள் எண்ணிக்கையை உடனே பிடித்துவிடும்; ஆயினும் அடியில் பேஸ் டிரம் நின்று நிதானமாக ஒலிப்பதால், தாளக் கணக்கு அறியாதவர்களும் எங்கும் தடுக்காமல் கூடவே பாடுகிறார்கள்.

அவருடைய முதல் நான்கு ஆல்பங்களுக்கும் தலைப்பு ஒன்றே: 'பீட்டர் கேப்ரியல்'. இவற்றுள் 1980இல் வந்த மூன்றாவதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவர்கள் சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தொடவே கூடாது என்று அவர் விதித்திருந்தார். ராக் இசையில் சிம்பலின் உலோக ஒலி மேல் ஸ்தாயியை எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும்; அதை நீக்கியதும் குரலுக்கும் மற்றக் கருவிகளுக்கும் இடம் பிறந்தது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம், வாசிப்பவரோடு பேசுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்த மைக்கின் வழியே கேட்ட முரட்டு டிரம்ஸ் ஒலியைக் கவனித்து, அதன் எதிரொலி சட்டென்று அறுபடும்படி செய்தார். அன்று வாசித்தவர் வேறு யாருமில்லை, ஃபில் காலின்ஸ்தான். எண்பதுகளின் பாப் இசை முழுக்கப் பரவிய ஓசை அங்கிருந்து கிளம்பியது. இதே ஆல்பத்தை வெளியிட அட்லாண்டிக் நிறுவனம் அமெரிக்காவில் மறுத்துவிட்டது. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

அதன் கடைசிப் பாடல், 1977 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் உயிரிழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவைப் பற்றியது. கச்சேரிகளில் அதை முடிக்கும் விதம் தனித்தன்மை வாய்ந்தது. கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கியதும் கேப்ரியல் மேடையை விட்டு இறங்கிவிடுவார். அடுத்து வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக விலக, டிரம்ஸ் மட்டும் மிஞ்சி, கடைசியில் அதுவும் நின்ற பின்பு பாட்டு முழுவதும் மக்களிடமே இருக்கும். முன்பு நரிமுகத்தோடு அத்தனை கண்களையும் தன்மேல் இழுத்த அதே பாடகர்தான் இவர்.

பல நாட்டுக் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்ற 1982இல் வோமாட் விழாவை ஷெப்டன் மாலெட்டில் நடத்தியபோது பெரும் நட்டம் ஏற்பட்டு, கடன்காரர்கள் அவரைத் துரத்தினார்கள். உதவிக்கு வந்தவர்கள் அவர் விட்டுவந்த பழைய நண்பர்களே. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸில் கொட்டும் மழையில் ஜெனிசிஸ் அவரோடு மீண்டும் ஒரே ஓர் இரவு வாசித்துக் கடனை அடைக்க உதவியது. அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இந்த இரவுதான்.

1986இன் 'ஸோ' ஆல்பமும், எம்டிவி இசைத் தொலைக்காட்சியில் ஒரே ஆண்டில் ஒன்பது விருதுகள் பெற்ற 'ஸ்லெட்ஜ்ஹாமர்' வீடியோவும் எல்லோரும் அறிந்தவை. அந்தப் புகழைக் கொண்டு அவர் செய்ததே எனக்கு முக்கியம். செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்டோரைத் தன் ரசிகர்களுக்கு முன்னால் நிறுத்தினார். பாக்ஸ் கிராமத்தில் ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவை நிறுவினார். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் ஆல்பங்களை வெளியிட்டார். மார்ட்டின் ஸ்கார்செசி படத்துக்காக அமைத்து 1989இல் வெளியான 'பேஷன்' இசையில் சென்னையில் பிறந்த எல். சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கிறது. கேப்ரியலின் குரலோ அதில் பெரும்பாலும் சொற்களே இல்லாமல், மற்றக் குரல்களுள் ஒன்றாக வந்துபோகிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் அவருடைய உலகத்துக்குள் நுழைவதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

2002க்குப் பிறகு, புதிதாக எழுதிய பாடல்களைக் கொண்ட அவருடைய அடுத்த ஆல்பம் 2023 டிசம்பரில்தான் முழுமையாக வந்தது. அந்த ஆண்டு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாடலாக வெளியிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு ஒலிக்கலவைப் பொறியாளர்களிடம் தனித்தனியே கொடுத்து, இரு வடிவங்களையும் கேட்பவர் முன் வைத்தார். எழுபத்து மூன்று வயதில், தன் பாடலின் இறுதி வடிவம் இதுதான் என்று அறுதியிட மறுத்த அந்தக் கலைஞரின் இரு வடிவங்களில், தாழ்ந்த ஒலிகளுக்கு அழுத்தம் தரும் சாட் பிளேக்கின் கலவையே எனக்கு மேலும் பிடித்திருக்கிறது.