ஏறாமல் குதிரை பழக்குவது

குதிரையை வைத்துக்கொண்டு அதன் மேல் ஏறாமல் பக்கத்தில் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் பொறுக்காது. வாய்க்கால் கரையில் எதிரே புல்லுக்கட்டோடு மொபெட்டில் வருகிற பெரியவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங் அம்மணி, குதிர நொண்டுதுங்ளா?" என்று அக்கறையாக விசாரிப்பார். இல்லைங்க, பழக்கிட்டு இருக்கோம் என்று சொன்னால், "ஏறி உக்காந்தாத்தானுங் பழகும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் சொல்வது பொய் இல்லை, ஏறி உட்கார்ந்தாலும் குதிரை ஏதோ ஒன்றைப் பழகத்தான் செய்யும். எதைப் பழகும் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் பிரச்சினை.

இடம் கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்கால் கரை. பவானிசாகர் அணையில் கிளம்பி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால், அதில் எங்களுக்குத் தேவைப்படுவது ஒரு சின்னத் துண்டுதான். காலையில் பால்காரர்கள் போன பிறகு மண்பாதை காலியாகிவிடும். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வாழையோ மஞ்சளோ கரும்போ. தார் ரோடு மாதிரி குளம்பு வழுக்காது. என்னிடம் செவலை, ராஜஸ்தான் பக்கத்து மார்வாடிக் குதிரையின் கலப்பு, காயடித்த ஆண் குதிரை, நான்கு வயதுக்குள். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும், அதை வைத்தே எல்லோரும் விலை சொல்கிற ஜாதி. என் தோழியிடம் வெள்ளச்சி, வயசான பெட்டை, உலகத்தில் இனி பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை என்கிற முகம். தோழியும் நானும் ஒரே இடத்தில்தான் குதிரை ஓட்டப் பழகினோம். சேர்ந்து சவாரி போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது சேர்ந்து நடக்கிறோம்.

ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் உடம்பு. குதிரை பார்க்க இரண்டு, இரண்டரை வயதிலேயே பெரியதாகத்தான் தெரியும், ஆனால் எலும்பு அப்படி இல்லை. கால் எலும்புகள் முன்னால் முதிரும், முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்து ஆறு வயது ஆகிவிடும். நாம் சேணம் போட்டு உட்காருகிற இடம்தான் கடைசியில் தயாராகிறது. நம் பக்கம் இதற்கெல்லாம் யாரும் காத்திருப்பதில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி திருவிழாச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், மார்வாடி, கத்தியவார், வெள்ளை நுக்ரா என்று கண்ணைப் பறிக்கிற குதிரைகள் நிற்கும், அவற்றில் சிலதின் வாயைத் திறந்து பார்த்தால் வயசு பாவமாக இருக்கும். கொட்டுச் சத்தத்துக்கு ஆடக் கற்றுக்கொடுக்கப்பட்ட குதிரைக்கு நேராக நாலு அடி நடக்கத் தெரியாது. முள் வைத்த கடிவாளத்தை 1965ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்திருக்கிறார்கள், கல்யாண ஊர்வலங்களில் இன்னும் அது கண்ணில் படத்தான் செய்கிறது. அப்படி வாய் புண்ணாகி, கயிற்றைக் கண்டாலே தலையைத் தூக்கிக்கொள்கிற குதிரையைத் திருப்பிக் கொண்டுவருவது குதிரைக்கொம்புதான்.

சரி, நடப்பதில் என்ன பழக்கம் என்று கேட்டால், முதலில் கயிறு. விரல் மொத்தத்துக்கு ஒரு பருத்திக் கயிறு, பன்னிரண்டு அடி. நைலான் வேண்டவே வேண்டாம், குதிரை இழுத்தால் உருவிக்கொண்டு போகும்போது உள்ளங்கைத் தோலையும் கொண்டுபோய்விடும். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, மடித்து மடித்து நடுவில் பிடிக்க வேண்டும். கையில் சுற்றியிருந்தால் 350 கிலோ உருப்படி பயந்து ஓடும்போது நீங்களும் கூடவே போக வேண்டியதுதான். கடிவாளம் கிடையாது, முகத்தில் ஹால்டர் மட்டும், அதாவது வாய்க்குள் இரும்பு போகாத தலைவார்.

அப்புறம் நிற்கிற இடம். அதன் கழுத்துக்குப் பக்கத்தில், தலைக்கும் தோளுக்கும் நடுவில். குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி தெரியும், தெரியாதது நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான். அதனால்தான் நேராகப் போய் நெற்றியைத் தடவுகிறவர்களைக் கண்டால் தலையை வெடுக்கென்று தூக்குகிறது. அதை நம்மவர்கள் திமிர் என்பார்கள். பக்கவாட்டில் போய், பிடரி மயிர் முடிகிற இடத்தில் விரலை அழுத்திச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் தங்களுக்குள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். செவலைக்கு மேலுதடு நீண்டு துடிக்க ஆரம்பித்துவிடும், கண் பாதி மூடும், திருப்பி என் தோளைச் சொறிய வருவான். பல் படாமல் தள்ளிவிட வேண்டும், அது ஒரு தனி வேலை.

இனி நடை. நான் நடந்தால் அவன் நடக்க வேண்டும், நான் நின்றால் நிற்க வேண்டும், கேட்க இவ்வளவுதான். நிற்பதற்கு முன்னால் மூச்சை வெளியே விடுவேன், தோளைத் தளர்த்துவேன், அப்புறம் காலை நிறுத்துவேன். கயிறு கடைசியில்தான், அதுவும் மற்றதெல்லாம் கேட்காவிட்டால் மட்டும். முந்திக்கொண்டு போனால் நின்று, திருப்பி, இரண்டு அடி பின்னால் நடக்க வைத்து, மறுபடி கிளம்புவோம். இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை ஒன்றும் கற்றுக்கொள்ளாது, பதிலுக்கு இழுக்கத்தான் கற்றுக்கொள்ளும். கயிறு இறுகும்போது அதற்குத் தொல்லை, அது சரியாகச் செய்த நொடியில் கயிறு தளர்ந்துவிட்டால், ஓகோ, இதற்குத்தானா என்று புரிந்துகொள்கிறது. அந்த நொடியைத் தவற விட்டுவிட்டு இரண்டு எண்ணி அப்புறம் தளர்த்தினால், அதற்குள் அது தலையை ஆட்டியிருக்கும், புல்லைப் பார்த்திருக்கும், அதற்குத்தான் பரிசு கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். குதிரை பழக்குவதில் பாதி வேலை இந்தக் கை தளர்த்துகிற நேரம்தான்.

இங்கேதான் தோழி வேண்டும். தனியாக நடத்திப் போகிறவருக்குத் தன் கை என்ன செய்கிறது என்று தெரியாது. தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அவள் வெள்ளச்சியோடு பத்தடி பின்னால் வந்துகொண்டே, "வலது தோள் முன்னால போகுது," "கயித்த விடுடி, அவன் எப்பவோ நின்னுட்டான்," "அவன் மூஞ்சியையே பாக்காத, போற எடத்தப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கடைசியாகச் சொன்னது ரொம்ப உண்மை. எதிரில் ஒரு டிராக்டர் வரும்போது நான் குதிரையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் அவனும் ஏதோ ஆபத்து என்று நின்றுவிடுவான். டிராக்டரைத் தாண்டி பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அவனும் வந்துவிடுவான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் எல்லாம் போடும், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும் என்று ஊரே திரண்டு பார்த்தது. 1904இல் ஒரு குழு போட்டுப் பார்த்தும் ஏமாற்று எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து விஷயத்தைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வரும்போது கேட்டவரின் தலையும் உடம்பும் துளியூண்டு அசைந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கதையை எல்லோரும் இதோடு விட்டுவிடுவார்கள், எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. தான் அசைகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகும் ஃபுங்ஸ்டால் அந்த அசைவை அடக்க முடியவில்லையாம். கண்டுபிடித்தவருக்கே அந்தக் கதி என்றால் வாய்க்கால் கரையில் என் கதி என்ன. கணக்குத் தெரியாவிட்டாலும் ஹான்ஸ் அத்தனை பேரையும் படித்திருக்கிறது. செவலையும் என்னைப் படித்துக்கொண்டுதான் வருகிறான், அவன் என்ன படிக்கிறான் என்று எனக்குச் சொல்ல வெளியே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

வெள்ளச்சிக்கும் இதில் பங்கு உண்டு, சொல்லப்போனால் எங்கள் இரண்டு பேரை விட அதிகம். குதிரை கூட்டத்தோடு வாழ்கிற மிருகம், பக்கத்தில் இருப்பது பயப்படுகிறதா என்று பார்த்துத்தான் தான் பயப்படலாமா என்று முடிவு செய்யும். அறுப்பு முடிந்த சமயத்தில் பாதையை அடைத்து நீலத் தார்ப்பாயில் நெல் காயப்போட்டிருப்பார்கள். காற்றில் ஒரு ஓரம் படபடவென்று அடிக்கும். முதல் தடவை செவலை நாலு காலையும் ஊன்றிவிட்டான். கழுத்து கம்பி மாதிரி நிமிர்ந்து, மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, "புர்ர்ர்" என்று ஒரு மூச்சு. காது இரண்டும் தார்ப்பாய் மேல். இழுக்கவில்லை, தட்டவில்லை, அங்கேயே நின்றோம். தோழி வெள்ளச்சியை எங்களைத் தாண்டிக் கூட்டிப் போய், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அது நெல்லை ஒரு வாய் வைக்கப் பார்த்ததே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. (நெல்லுக்காரம்மா திட்டினது தனி.) செவலையின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. அப்புறம் தலை தாழ்ந்தது, ஒரு அடி, நின்று மோந்து பார்த்து, இன்னொரு அடி. வாயை அசைபோடுவதுபோல் மென்று உதட்டை நக்கினான். இறுக்கம் விடுகிற அடையாளம் அது, அந்த நேரத்தில் சும்மா நின்றால் போதும்.

திரும்பி வரும்போது அதே தார்ப்பாய், அதே நெல், மறுபடி ஊன்றிவிட்டான். இப்போது அது அவனுக்கு வலது பக்கம். ஒரு பக்கமிருந்து பார்த்துப் பழகிய பொருள் மறுபக்கமிருந்து வந்தால் குதிரைக்குப் புதுப் பொருள் மாதிரிதான். எல்லோரும் குதிரையின் இடது பக்கமே நின்று நடத்துகிறார்கள், வாளை இடுப்பில் இடது பக்கம் கட்டிக்கொண்ட காலத்தில் அந்தப் பக்கம் ஏறினால்தான் வசதி என்பதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். இப்போது யாரிடமும் வாள் இல்லை. ஆகவே போகும்போது இடது, வரும்போது வலது என்று மாறி மாறி நடக்கிறோம். வலது பக்கம் நடத்த ஆரம்பித்தால் நம் கால்களே குழம்பும், அவன் காலைப் போய் நம் கால் மிதிக்காது, அவன் மிதிப்பான். பூட்ஸ் அவசியம், செருப்போடு வராதீர்கள்.

தார்ப்பாய்க்கு வைத்தியம் உண்டு, மயிலுக்கு இல்லை. மஞ்சள் காட்டுக்குள்ளிருந்து திடீரென்று இரண்டு மயில் கிளம்பினால் வெள்ளச்சியே துள்ளுகிறாள், அவன் என்ன செய்வான். கயிற்றை நீளமாக விட்டு, அவன் என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக்கொள்ளட்டும் என்று நிற்பேன். பயந்ததற்கு அடிப்பது மடத்தனம், பயத்தோடு வலியும் சேர்ந்தால் அடுத்த மயிலுக்கு இரட்டிப்பாக ஓடும்.

எங்களுக்குள் சண்டை இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு தடவை சரியாக நிற்கும்போதும் ஒரு துண்டு வெல்லம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. கொடுத்தால் அவன் பையைத்தான் பார்ப்பான், உன்னைப் பார்க்க மாட்டான் என்பது அவள் கட்சி. கொஞ்ச நாளாக இவன் என் இடுப்புப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டு நடப்பதால் அந்த வாதத்தில் நான் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறேன். இப்போது கொட்டகைக்குத் திரும்பிய பிறகு கொள்ளோடு சேர்த்து, வாளியில்.

அடுத்த சண்டை ஆடிக்கு. அந்தியூர் சந்தைக்கு இவனை வண்டியில் கூட்டிப் போய், கூட்டத்துக்கு வெளியே நிறுத்தி, கொட்டுச் சத்தம் தூரத்தில் கேட்கும்படி ஒரு அரை மணி நடத்திவிட்டு வரலாம் என்கிறேன். ஆண் குதிரைகள் அத்தனை நிற்கிற இடத்துக்கு இவனையும் வெள்ளச்சியையும் கூட்டிப் போக உனக்குப் பைத்தியமா என்கிறாள் அவள், வேண்டுமானால் உள்ளூர் மாரியம்மன் பண்டிகையில் ஆரம்பி, அதுவும் மேளக்காரர்கள் நம் ஆட்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்கிறாள். பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது, அவள் சொன்னதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன், வண்டி அவளுடையது.