விறகுக்கு வெட்டுவதும் மரத்துக்காக வெட்டுவதும்

புரட்டாசி இரண்டாவது வாரத்தில் எங்கள் வீட்டு முற்றத்து வேம்பைக் கவாத்து செய்தோம், அதாவது வேண்டாத கொப்புகளை மட்டும் கழித்தோம். காலை ஏழு மணிக்கு ஏறியவர் பதினோரு மணிக்கு இறங்கினார். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் கழித்துப் போட்டது, காய்ந்த மிலாறுகளையும் (சிறு குச்சிகளையும்) சேர்த்து, ஒரு மாட்டுவண்டி நிறையாது. தெருவில் போன எதிர்வீட்டு அண்ணாச்சி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூலியும் கொடுத்து மரத்தையும் அப்படியே விட்டுட்டியளே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்துக்கு முன் மரம் வெட்டுவது என்றால் மரம் மொட்டையாக வேண்டும், வெட்டுகிறவர் கூலிக்குப் பதிலாக விறகை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதே எங்கள் பக்கத்தில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். வீட்டின் மேல் மரம் முறிந்து விழுவதற்குக் காற்றைவிட அந்த வழக்கம்தான் அதிகக் காரணம் என்று நான் நினைப்பதால், அண்ணாச்சிக்கு வாசலில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இதே வேம்பை என் தந்தையார் காலத்தில் ஒருமுறை மொட்டையடித்தார்கள். ஓட்டுத் தாழ்வாரத்தின் மேல் கொப்புகள் கவிந்திருக்கின்றன என்ற பயத்தால், ஆள் உயரத்துக்கு மேலே இருந்த ஐந்து பெருங்கொப்புகளையும் குட்டைக் கட்டைகளாக நறுக்கிவிட்டார்கள். இரண்டே ஆண்டில் ஒவ்வொரு கட்டையின் நுனியிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு தளிர்கள் வாளிப்பாக எழுந்து மரம் முன்னைவிட அடர்த்தியாகிவிட்டது; நாங்களும் மரம் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்தோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்குத் தெற்கே கடந்துபோனபோது, துடை பருமனுக்கு வளர்ந்திருந்த அந்தத் தளிர்களில் ஒன்று அடியோடு பிய்ந்து தாழ்வாரத்தின் மேல் விழுந்தது. மறுநாள் அது பிய்ந்த இடத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. கட்டையின் உட்புறம் கறுத்து மக்கியிருந்தது. புதுக்கொப்பு அதன் ஓரத்தில், பட்டையை ஒட்டிய மெல்லிய நல்ல கட்டையில் மட்டும் தொற்றிக்கொண்டு நின்றிருந்தது.

கன்றாக இருந்த நாளிலிருந்து மரத்தோடு சேர்ந்து வளர்ந்த கொப்பு, ஆண்டுதோறும் தண்டின் கட்டை அதன் அடியைச் சுற்றிப் பின்னிக்கொள்ள, ஆப்பு இறங்கியதுபோல் உள்ளே வரை வேரூன்றியிருக்கும். மொட்டையடித்தபின் பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டிலிருந்து கிளம்பும் தளிருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அது வேகமாக நீள்கிறது, உச்சியில் இலைப்பாரத்தைச் சுமக்கிறது, கீழே கட்டையோ மக்கிக்கொண்டே போகிறது. ஆகவே மொட்டையடித்த மரம் முதல் இரண்டு மழைக்காலத்துக்குப் பயமில்லாததாகத் தோன்றி, ஏழெட்டு ஆண்டுகளில் முன்பிருந்ததைவிட மோசமான ஆபத்தாகிவிடுகிறது. அதற்குள் வெட்டியவர் யார் என்பது எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும்.

எங்கள் ஊர் பணகுடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசியில் நுழையும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, ஆவணி வரையில் ஓய்வதில்லை. முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகள் அத்தனை நெருக்கமாக நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். இந்தப் பக்கத்து மரங்கள் பலவும் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருப்பதைப் பேருந்தில் போகிறவர்கள்கூடக் கவனிக்கலாம். மரம் தன்னை அசைக்கும் காற்றுக்கு ஏற்பக் கட்டையையும் வேரையும் கூட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் "ஆடிக்காற்றுக்கே அசையாத மரம், இனி என்ன ஆகப்போகிறது" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிற காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது. மரம் பழகிய பக்கம் அதற்குத் தெரியாது. அதோடு ஆடியில் மண் காய்ந்து இறுகியிருக்கும், கார்த்திகையில் அது ஊறிச் சேறாகியிருக்கும். காய்ந்த மண்ணில் அடிக்கும் காற்று கொப்பை முறிக்கிறது. ஊறிய மண்ணில் அடிக்கும் காற்று மரத்தையே வேரோடு சாய்க்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்தப் பெருமழையின்போது, காற்று பெரிதாக இல்லாத எங்கள் தெருவிலேயே ஒரு குல்மொகர் மரம் நடுப்பகலில் மெல்லச் சாய்ந்து படுத்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து அவர் கண்டது, மரம் நம் தோலைப்போல் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை என்பது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி அது சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக்கட்டையை வளர்க்கிறது. அந்தச் சுவர் எழும்ப வசதியான இடம், கொப்பு தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்போல் தடித்திருக்கும் வளையம். அந்த வளையத்துக்குச் சற்று வெளியே அறுத்தால் சில ஆண்டுகளில் பட்டை உருண்டு வந்து வெட்டை மூடிவிடும். "மழமழவென்று இருக்கட்டும்" என்று தண்டை ஒட்டி வழித்து வெட்டினால் அந்த வளையமே போய்விடும். முழம் நீளக் கட்டையை விட்டுவைத்தால் அது காய்ந்து, மக்கி, பொந்தாகி, அழுகலைத் தண்டுக்குள் கொண்டுபோகும். வெட்டுவாயில் தார் பூசுவதும் சாணி அப்புவதும் நம் மனத்திருப்திக்குத்தான். உள்ளே இறங்கும் அழுகலை அவை தடுப்பதில்லை.

எங்கள் வேம்பில் ஏறியவர் அரிவாளை இடுப்பில் செருகியிருந்தாரே தவிர, வேலை செய்தது மரம் அறுக்கும் வாளால். பெரிய கொப்பு ஒவ்வொன்றையும் மூன்று அறுப்பில் எடுத்தார். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் அறுப்பு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது அறுப்பு. கொப்பு அங்கே முறிந்து, கட்டியிருந்த வடத்தில் தொங்கியது, கீழே நின்றவர் அதை மெல்ல இறக்கினார். பாரம் போனபின், எஞ்சிய கட்டையைக் கழுத்து வளையத்துக்கு வெளியே மூன்றாவது அறுப்பாக எடுத்தார். ஒரே அறுப்பில் எடுத்திருந்தால் கொப்பு விழும் வேகத்தில் தண்டின் பட்டையையும் இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு போயிருக்கும்.

அவர் எடுத்தவை மொத்தம் ஏழு. அவற்றுள் மூன்று முழுக்கக் காய்ந்தவை. சில ஆண்டுகளாக வேம்புகளின் நுனிகள் கருகிக் காய்கிற நோய் எங்கள் மரத்தையும் விடவில்லை. இரண்டு ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தவை. ஒன்று பழைய மொட்டையிலிருந்து கிளம்பி மக்கிய கட்டையில் நின்றது. கடைசி ஒன்று தாழ்வாரத்தின் மேல் நீண்டிருந்த கொப்பு. அதை அவர் அடியோடு எடுக்காமல், பக்கத்தில் பிரிந்த ஒரு சிறு கொப்பு வரை பின்வாங்கி அறுத்தார். அந்தச் சிறு கொப்பு, வெட்டுப்பட்ட கொப்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் உணவையும் வளர்ச்சியையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மொத்தத்தில் மரத்தின் பச்சையில் கால்வாசிக்கு மேல் ஓராண்டில் கழிக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எங்களுடையது அந்த வரம்புக்கு வெகு கீழே நின்றது. உட்கொப்புகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலையை விட்டுவைக்கும் இன்னொரு தவறும் நடப்பதுண்டு. பார்க்கக் காற்று புகுந்து போகும்போல் தெரியும். உண்மையில் பாரமெல்லாம் நுனிக்குப் போய், கொப்பு தூண்டில்கம்பைப்போல் ஆடி முறியும்.

ஏறுவதற்கு முன் அவர் மரத்தைச் சுற்றிவந்தது அரைமணி நேரம் இருக்கும். மரத்து மூட்டில், அதாவது தண்டின் அடியில், காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் புடைத்தோ வெடித்தோ இருக்கிறதா என்று பார்த்தார். கட்டைச் சுத்தியலால் தண்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பிறகு கவைகளைப் பார்த்தார். இரண்டு கொப்புகள் அகன்று பிரியும் கவை உறுதியானது. இடுக்காகப் பிரிந்து நடுவில் பட்டை மடிந்து உள்ளே போயிருக்கும் கவை, எத்தனை பருத்தாலும் ஒட்டாத கவை. எங்கள் மரத்தின் வடக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

வேர்களைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தயங்கினேன். மரம் மேலே இருப்பதுபோலவே ஆழமாகக் கீழேயும் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம்; வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள், கொப்புகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கிறது. மதில் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மேற்குப் பக்கத்து வேர்கள் இரண்டை நாங்கள் கோடாலியால் வெட்டியிருந்தோம். முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்டு, மரத்து மூட்டைச் சுற்றி ஒரு முழம் மட்டும் விட்டிருந்தோம். வேர் வெட்டப்பட்ட மரத்தை மேலே எவ்வளவு அழகாகக் கவாத்து செய்தாலும் நங்கூரம் அறுந்தது அறுந்ததுதான். சிமெண்டை மரத்தைச் சுற்றி நான்கடி தூரத்துக்கு உடைத்தெடுத்துச் சருகு பரப்பியிருக்கிறோம்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முருங்கைக்குக் கட்டையே வலுவில்லை. அதை வீட்டுக் கூரைக்கு எட்டாத உயரத்தில் ஆண்டுதோறும் ஒடித்துவிடுவதே முறை, மொட்டையடிப்பதைத் தாங்கும் மரம் அது. தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலைகளையும் மழைக்கு முன் இறக்க வேண்டும், பச்சை மட்டையைத் தொடக் கூடாது. தென்னைத் தண்டில் ஏறுவதற்காகக் கொத்தும் படி ஒருநாளும் மூடாது. மற்ற மரங்களைப்போல் புதுக்கட்டை வளர்த்து மூடும் அமைப்பு அதற்குக் கிடையாது. பனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். மின்கம்பியை ஒட்டிய கொப்பு எதுவானாலும் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் ஆளை ஏற்றக் கூடாது. ஈரக்கொப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

இனி கூலிக்கு வருகிறேன். விறகைக் கூலியாக எடுத்துக்கொள்கிறவருக்கு எந்தக் கொப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பருத்த, நேரான, உளுக்காத கொப்புதான் எடை நிற்கும், விலைபோகும். மரத்துக்கு வேண்டியதும் அதே கொப்புதான். கழிக்க வேண்டிய காய்ந்த மிலாறுக்கும் மக்கிய கட்டைக்கும் விறகுக்கடையில் மதிப்பில்லை. எனவே நல்ல மனிதரே ஏறினாலும், அந்த ஏற்பாடே அவர் கையைத் தவறான கொப்பின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. நான் இம்முறை பேசும்போதே நாள்கூலியை முடிவுசெய்து, விறகு எங்களுடையது என்று சொல்லிவிட்டேன். அவரும் வடம் பிடிக்க ஓர் ஆளும் வந்தார்கள். ஏறுவதற்கு முன் எந்தெந்தக் கொப்பு, ஏன் என்று கீழே நின்று கைகாட்டிச் சொல்லச் சொன்னேன். அப்படிச் சொல்லத் தெரியாமல், "எல்லாத்தையும் எறக்கிருவோம்" என்று மட்டும் சொன்ன ஒருவரை அதற்கு முந்திய வாரம் திருப்பி அனுப்பியிருந்தேன்.

வடக்குப் பக்கத்து இடுக்குக்கவையை இந்த முறை அறுக்கவில்லை. அதன் ஒரு கிளையை ஒரே தடவையில் எடுத்தால் வெட்டுவாய் மிகப் பெரிதாகிவிடும் என்பதால், நுனியில் மட்டும் பாரத்தைக் குறைத்திருக்கிறார். மாசியில் வேம்பு இலை உதிர்த்து நிற்கும்போது கவை நன்றாகத் தெரியும், மேல்காற்றும் தொடங்கியிருக்காது. அப்போது வந்து மீதியைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரையில் கவைக்கு நேர் கீழே நிறுத்திவந்த மோட்டார் சைக்கிளைத் தெற்குச் சுவரோரமாக மாற்றி வைத்திருக்கிறேன்.