பேர் லவால் கல்லறைக்கு நடந்த இரவு

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் செப்டம்பர் 8 இரவு மட்டும் நான் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. அன்று தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் போர்ட் லூயி நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சேந்த் க்ருவாவுக்கு நடப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவில் ஊழியம் செய்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு பேர் லவாலின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 'பேர்' என்றால் பிரெஞ்சில் தந்தை. போகிறவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களும் போவார்கள், முஸ்லிம்களும் போவார்கள்.

நான் நாசரேத்துக்காரி. சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் ஊழியம் செய்த மிஷனரி மர்காஷிஸ் ஐயரை 'நாசரேத்தின் தந்தை' என்று இன்றைக்கும் நன்றியோடு சொல்வோம். ஆனால் அவர் கல்லறையில் கைவைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் கீழ்வீட்டு அக்கா ஒவ்வொரு வருடமும் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் எபேனில் தணிக்கை வேலை பார்க்கிறேன். ஒரு செலவு கணக்கில் ஏறியிருந்தால் அதற்கு வவுச்சர் எங்கே, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று கேட்பதுதான் நாள் முழுக்க என் வேலை. அந்தப் பழக்கம் ஜெபத்துக்குள்ளும் வந்துவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்து ஒரு ஜெப நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் விண்ணப்பமும் தேதியும், எதிர்ப்பக்கம் பதில் வந்த தேதி. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் இடது பக்கத்தில் எழுதினேன். வலது பக்கம் காலியாகவே நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் இரண்டு வருடம் நோட்டைத் திறக்கவில்லை. ஜெபிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கண்ணை மூடியதும் உள்ளே ஒரு குரல், 'இப்போது என்ன உணர்கிறாய்? இது நிஜமா, நீயே உண்டாக்கிக்கொள்கிறாயா?' என்று கேட்க ஆரம்பித்துவிடும்.

சபையில் பலர் சொன்ன ஆலோசனை, 'மூளையைக் கழற்றி வைத்துவிட்டு விசுவாசத்தோடு வா' என்பது. அதை நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. முழு மனதோடும் அன்புகூரச் சொன்ன ஆண்டவர் அந்த மனதின் பாதியை வாசலில் விட்டுவரச் சொல்லமாட்டார்.

பிறகுதான் தியான ஜெபம் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிற்பாடு பெனடிக்டைன் சபைக் கத்தோலிக்கத் துறவியான ஜான் மெய்ன், 1950களில் மலாயாவில் வேலை பார்த்தபோது ஓர் இந்துத் துறவியிடம் தியானம் கற்றார். பின்னால் அதே வழி தங்கள் சபையின் ஆதிமூலத்திலேயே, நாலாம் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் காசியன் என்ற துறவியிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லை மா-ர-நா-தா என்று நான்கு அசையாக, காலையும் மாலையும் இருபது முப்பது நிமிடம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அமர்வது அவர் சொல்லித்தந்த முறை. 'ஆண்டவரே வாரும்' என்று பொருள். எட்டு மாதம் முயன்றேன். சொல் ஓடும், அதற்கு மேலே கேள்வியும் ஓடும்.

இந்த நிலையில்தான் போன செப்டம்பரில் அக்கா கதவைத் தட்டினார்கள். அக்கா ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வீட்டில் பேசுவது இந்தத் தீவின் மொழியான கிரியோல். தமிழைப் பள்ளியில் எழுத்துக்கூட்டிக் கற்றவர்கள். அதனால் பாடப்புத்தகத் தமிழ்தான் வரும். "தாங்கள் இன்று வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். அந்தக் குரலுக்குக் காரணம் சொல்ல மனம் வரவில்லை.

மாலை ஏழு மணிக்கு ரோஸ் ஹில்லில் புறப்பட்டோம். அக்காவின் துணிப்பையில் நான்கு வெள்ளை மெழுகுவர்த்தி, தண்ணீர், தாளில் சுற்றிய தால் பூரி. செப்டம்பர் இங்கே குளிர்காலத்தின் கடைசி. போ பாசேன் தாண்டும்போது லேசாகத் தூறியது. அதற்கடுத்து கோரமண்டல். பெயரைப் பலகையில் பார்த்ததும் எப்போதும்போல நெஞ்சு நின்றது. சோழமண்டலம் என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. குழந்தையைத் தோளில் சுமந்த அப்பாக்கள், வெறுங்காலோடு நடக்கும் பாட்டிமார், ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகும் இளைஞர்கள் என்று சாலையே ஆளாக இருந்தது.

நடந்துகொண்டே அக்கா லவாலின் கதையைச் சொன்னார்கள். அவர் முதலில் டாக்டர். 1803-இல் நார்மண்டியில் பிறந்து, மருத்துவம் படித்து, குதிரையில் போய் நோயாளிகளைப் பார்த்தவர். ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்து பிழைத்தார். பிறகு மருத்துவத்தை விட்டு 1838-இல் குருவானார். பேன்தர்வில் என்ற சின்ன ஊருக்குப் பங்குக்குருவாகப் போனால் கோயிலுக்கு வருகிறவர்களே சொற்பம். அந்த வெறும் கோயிலில் மணிக்கணக்காக நற்கருணைப் பேழைக்கு முன் இருந்தாராம். 1841 செப்டம்பர் 14 அன்று மொரீஷியஸில் இறங்கினார். அடிமைத்தனம் ஒழிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. விடுதலை பெற்றவர்களின் கிரியோலைக் கற்று, அந்த மொழியிலேயே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வெறும் கோயில்தான். நோயைக் கண்டுபிடிக்கப் பழகின ஒரு மனிதர், பதில் எதுவும் கண்ணில் படாத ஓர் இடத்தில் அத்தனை நேரம் எப்படி உட்கார்ந்தார்?

சேந்த் க்ருவா போய்ச் சேரும்போது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயிலும் இருக்கிறது. அக்கா அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. கல்லறையின் மேல் லவால் படுத்திருப்பதுபோல வண்ணம் பூசிய சுண்ணச்சிலை. எனக்கு முன்னால் நின்ற பெண் கைக்குழந்தையின் உள்ளங்கையை விரித்துச் சிலையின் மேல் வைத்தாள். குழந்தை விரலை மடக்கிக்கொண்டது. அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகப் பிரித்து மறுபடி வைத்தாள். அப்புறம் என் முறை. என்ன ஜெபிக்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். கை வைத்தபோது அந்த இடம் சூடாக இருந்தது. எனக்கு முன்னால் தொட்டுப்போன கைகளின் சூடு. தயார் செய்த ஜெபம் வரவில்லை. 'அப்பா' என்ற ஒரு சொல் வந்தது. யாரைக் கூப்பிட்டேன் என்று அந்த நேரம் தெரியவில்லை. பின்னால் நின்றவர் மெல்லத் தோளைத் தொட்டதும் நகர்ந்துவிட்டேன்.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு முற்றத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கிரியோலில் பாட்டு, பிள்ளைகளின் அழுகை. கண்ணை மூடி மா-ர-நா-தா என்றேன். கேள்வி கேட்கும் குரல் அன்று வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் அதுவும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கண் திறந்தபோது முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது.

அப்போதுதான் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தமது 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் சொன்ன ஒரு சின்ன நடைமுறை நினைவுக்கு வந்தது. ஜெபம் முடிந்தபிறகு கால்மணி நேரம், உட்கார்ந்தோ நடந்தோ, அது எப்படிப் போனது என்று பார் என்கிறார். சரியாகப் போகவில்லை என்றால் காரணத்தைத் தேடச் சொல்கிறார். ஆராய்ச்சிக்கு அவர் தனியாக ஒரு நேரம் கொடுத்திருக்கிறார். எங்கள் தொழிலிலும் அப்படித்தானே? வியாபாரம் நடக்கும்போதே யாரும் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு தணிக்கை செய்வதில்லை. முதலில் வியாபாரம் நடக்க வேண்டும். சின்ன வயதில் மனப்பாடம் செய்த சங்கீத வசனமும் அதே வரிசையில்தான் நிற்கிறது: "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." முதலில் அமர்வது, பிறகு அறிவது. இத்தனை வருடமும் இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்யப் பார்த்திருக்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கன்னியாஸ்திரி அவிலாவின் தெரேசாவும் தமக்கு வந்த அனுபவங்களைப் படித்த குருக்களிடம் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொன்னவர்தான். அனுபவம் நடந்த பிறகு மனதில் தாழ்மை வளர்ந்ததா, அன்பு வளர்ந்ததா என்று பார்ப்பார். கணக்கு இயந்திரம் செய்த பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலோ 1654 நவம்பர் 23 இரவு நெருப்பைப்போலத் தம்மைத் தொட்ட தேவ அனுபவத்தை ஒரு தாளில் எழுதும்போது, சுமார் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை என்று நேரத்தையும் குறித்துவைத்தார். அந்தத் தாளைச் சட்டையின் உள்துணியில் தைத்துச் சாகும்வரை கூடவே வைத்திருந்தார். தேதியும் நேரமும் போட்டதால் அந்த நெருப்பு அணைந்துவிடவில்லை.

நானும் கைப்பேசியில் எழுதினேன். 'செப். 8. இரவு 11.10 முதல் 11.45. கால் வலி. களைப்பு காரணமாக இருக்கலாம். கூட்டம் காரணமாக இருக்கலாம். பயம் இல்லை. அப்பா நினைவு வந்தது, தொண்டை அடைக்கவில்லை.' அதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

விடியும் நேரத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஆறு மணி தாண்டியிருந்தது. கல்லறைக்குப் போனேன் என்றதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கால் வலிக்குதா?" என்று கேட்டார்கள். "வலிக்குதும்மா. ஒரு ஜெபம் பண்ணுவோமா?" என்றேன். அப்பா போனபிறகு நாங்கள் சேர்ந்து ஜெபித்ததே இல்லை. அம்மாதான் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, நான் 'ஆமென்' மட்டும் சொன்னேன்.