ஐப்பசி மழையும் குதிரை லாயமும்

புரட்டாசி பிறந்ததும் லாயத்தின் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது வாய்க்காலுக்கு ஓடிவிட்டால் நல்லது. எங்காவது தேங்கினால், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த இடத்தில் நிற்கிற குதிரையின் குளம்பு அழுகும். 12 அடிக்கு 12 அடி அறையில் பின்சுவரிலிருந்து வாசல் வரை இரண்டரை அங்குலச் சரிவு போதும். அதற்கு மேல் போனால் நாளெல்லாம் சாய்ந்து நிற்கிற காலுக்கு வலி.

கடலூர் பக்கம் கெடிலம், தென்பெண்ணை ஓரத்து வண்டல் தண்ணீரை விடாது. அங்கே லாயத்தின் அடித்தளம் இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும். ஆரோவில் மேட்டுச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது. ஆனால் வழுக்கும், நடைபாதையை அரித்துப் பள்ளமாக்கும். படுக்கைக்குக் கடற்கரை மணல் மலிவு, ஈரத்தையும் கீழே இறக்கிவிடும். ஆனால் மணல் மேலேயே புல்லைப் போட்டால் குதிரை புல்லோடு மணலையும் தின்னும். அது குடலில் படிந்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். மணல் போட்ட லாயத்தில் புல்லுக்குத் தொட்டி கட்டாயம். உமியோ மரத்தூளோ போட்டால் நனைந்த பகுதியைக் காலையும் மாலையும் அள்ளிவிட்டு, மூத்திரம் பட்ட இடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும்.

மழைக்காலத்தில் லாயத்தின் பாதி வேலை குளம்பில்தான். காலைத் தூக்கிப் பிடித்து, குளம்பு சுரண்டும் கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் நடுவிலுள்ள முக்கோண மெத்தையைக் கிழித்துவிடும். அந்த மெத்தையின் இரு பக்கப் பள்ளங்களிலும் நடுப் பிளவிலும்தான் அழுகல் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்: அழுகல் சாக்கடைக் கறுப்பில் பசை மாதிரி ஒட்டும், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அழுக்கை எடுத்து, தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே பஞ்சில் டிங்சர் அயோடின் நனைத்துப் பிளவுக்குள் வைக்க வேண்டும். ஈரத்தின் மேல் மருந்து போட்டால் மருந்து நீர்த்துப்போகும், கிருமி உள்ளேயே இருக்கும். இரண்டு வேளையும் இதைச் செய்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். பிளவு ஆழமாகிக் குதிகால் வரை போய்விட்டால் கால்நடை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஊறிய குளம்பில் லாட ஆணி பிடிக்காது. சேற்றில் காலை உருவும்போது லாடம் குளம்பின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். நான்கைந்து வாரம் சவாரி நடக்காது என்று தெரிந்தால் லாடத்தைக் கழற்றி ஓரத்தை ராவிவிடச் சொல்வதே மேல்.

முதுகுக்கும் இதே கதைதான். நனைந்த மயிரின் அடியில் கொத்துக் கொத்தாகப் பொருக்கு தட்டி, பிய்த்தால் தூரிகை போல மயிரோடு வரும் சொறி இந்த மழையில் சகஜம். குளிருமே என்று போர்வை போர்த்துகிறவர்கள் இதை வளர்த்துவிடுகிறார்கள். வளர்ந்த குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி வரை சுகமான குளிர். நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்குள் அடங்கிவிடும். நனைந்து காற்றில் நின்றால்தான் அது நடுங்கும். துவட்டிவிட்டுக் காற்றுக்கு மறைவாக நிறுத்தினால் போதும்.

தீவனத்தில் தவறுவது மழை பெய்யும் நாளைவிட மழைக்கு அடுத்த நாட்களில்தான். காய்ந்த புல் கட்டுகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்க வேண்டும். தார்ப்பாயை மேலே கூரையாகக் கட்டலாம், சுற்றி மூடக் கூடாது. மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூள் பறந்தாலோ அந்தக் கட்டு எருக்குழிக்கு. காசு போகிறதே என்று போட்டால் இருமலும் வயிற்றுவலியும் அதைவிடச் செலவு வைக்கும். ராத்திரி ஊறவைத்த கொள்ளு விடியும்போது புளித்த வாடை அடித்தாலும் அப்படித்தான்.

வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குக் கொள்ளையும் ஓட்ஸையும் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். முழு அளவைப் போட்டுவிட்டு நான்காம் நாள் சவாரிக்கு எடுத்தால் பின்தொடை கட்டையாக இறுகி, காப்பி நிறத்தில் மூத்திரம் போகும். அந்த நிலையில் ஓரடிகூட நடத்தாமல் நின்ற இடத்திலேயே வைத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மழையில் குதிரை தண்ணீரும் குறைவாகக் குடிக்கும், சாணம் இறுகும். தவிட்டை வெதுவெதுப்பான நீரில் கஞ்சியாகக் கரைத்து, 30 கிராம் உப்புப் போட்டுக் கொடுத்தால் குடிக்கும். எத்தனை முறை சாணம் போட்டது என்று சுவரில் கோடு போட்டு வைப்பது நல்ல பழக்கம். நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வர வேண்டியது மூன்று நான்காகக் குறைந்தால், வயிற்றுவலியில் குதிரை தரையைப் பறிக்கத் தொடங்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

தீவனம் தீர்ந்தாலும் கோழித் தீவனத்தைத் தொடவே கூடாது. ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கும் மோனென்சின், கோழிக்கு மருந்து. குதிரைக்கோ இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கொஞ்சமே தின்றாலும் ஆபத்து.

துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏறினாலே நீரைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு குதிரைக்கு நாளுக்கு 35 லிட்டர், ஆறு குதிரைக்கு ஐந்து நாளென்றால் 1,050 லிட்டர். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, கிணற்றில் நீர் இருந்தும் பயனில்லை.

உறுதியான கான்கிரீட் கட்டடம் இருந்தால் உள்ளே அடைக்கலாம். தகரக் கூரையும் சவுக்குக் கழியும்தான் என்றால், மின்கம்பியும் மரமும் இல்லாத மேட்டுத் திடலில் அவிழ்த்து விடுவதே பாதுகாப்பு. பறக்கும் தகரம் கத்திபோல வெட்டும். கட்டிப்போட்ட குதிரைக்குத் தப்ப வழியில்லை. பிடரி மயிரில் தொலைபேசி எண் எழுதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பின்னிவிட வேண்டும். புயலின் கண் கடக்கையில் காற்று சட்டென்று ஓய்ந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது; வடக்கிலிருந்து அடித்தது சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும்.

வானம் வெளுத்த பிறகும் ஆற்றோரப் பண்ணைக்கு ஓய்வில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி நகராமல் நின்றதில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கடலூரின் தென்பெண்ணைக் கரைகளில் வெள்ளம் ஏறியது அதற்குப் பிறகுதான், சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து வந்தபோது. புயல் போய்விட்டது என்று குதிரைகளைத் தாழ்ந்த இடத்துக்குத் திருப்பி அழைத்து வர, அணையின் நீர்வரத்துச் செய்தியைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாவது பொறுக்க வேண்டும்.

திரும்பும் முன் திடல் முழுக்கக் கயிற்றில் கட்டிய காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தால் கூரை ஆணிகள் ஒட்டும். ஓர் ஆணி குத்தினால் ரணஜன்னிக்குப் போதும். அதனால்தான் தடுப்பூசியைப் புரட்டாசிக்குள் போட்டுவிடச் சொல்வது. வெள்ளம் புகுந்த கிணற்று நீரைத் தெளியவிட்டு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். கார்த்திகை கடைசியில் உண்ணியும் மாட்டு ஈயும் பெருகும். காய்ச்சல் வந்து வந்து போய், வயிற்றடியும் கால்களும் வீங்கி, நன்றாகத் தின்றும் இளைத்தால் அது மாட்டு ஈ பரப்பும் சுர்ரா நோயாக இருக்கலாம். காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். விட்ட பிறகு எடுத்தால் கிருமி தப்பிவிடும்.

தை பிறந்து தரை இறுகியதும் சவாரி முதல் நாள் இருபது நிமிட நடை மட்டும். வேகமான பெருநடைக்கு ஒரு வாரம் கழித்து. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட முழுதாக வளராது. ஐப்பசியில் முன்குளம்பின் மேலோரத்தில் விழுந்த வெடிப்பு அடுத்த ஐப்பசி சமயத்தில்தான் தரையைத் தொட்டுக் கழியும். அதுவரை லாடம் அடிப்பவர் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலைத்தான் முதலில் காட்ட வேண்டும்.