மார்பிளில் மாதத்துக்கு ஒரு பூமி

மார்பிள் என்ற மென்பொருளில் பூமி உருண்டையின் மேற்பரப்பை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். கேடிஇ குழுவினர் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பிலும் நன்றாகச் சுழலும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 1689-ஆம் ஆண்டின் உலகப் படம், மழை அளவுப் படம், நிலா என்று பலவற்றை அதில் பார்க்கலாம். ஆனால் அதனுள் இருக்கும் செயற்கைக்கோள் படம் மட்டும் ஆண்டு முழுக்க மாறாது. ஜனவரியில் சைபீரியா வெள்ளையாகவும் ஜூலையில் பச்சையாகவும் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் மாதத்துக்கு ஒரு வரைபடம் செய்து மார்பிளில் சேர்க்கும் வேலையில் இறங்கினேன்.

படத்துக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. நாசாவின் 'புளூ மார்பிள் நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி 2004-ஆம் ஆண்டில் எடுத்த படங்களில் மேகங்களை நீக்கி, மாதத்துக்கு ஒன்றாக 12 படங்கள் செய்திருக்கிறார்கள். அகலம் உயரத்தைப் போல இரு மடங்கு. ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவு பாகையைக் காட்டும். மார்பிளுக்குத் தேவையான அமைப்பும் இதேதான் என்பதால் வரைபடப் படங்களைக் கையாளும் ஜிடால் என்ற கருவியைக் கொண்டு உருமாற்றும் வேலை மிச்சம்.

முதலில் 5400 × 2700 அளவிலான படங்களை எடுத்தேன். மார்பிளிலேயே 'புதிய வரைபடம் உருவாக்கு' என்றொரு வழிகாட்டி உண்டு. படத்தைக் காட்டி, பெயரும் சின்னமும் கொடுத்தால் முடிந்தது. அது எழுதித் தரும் டிஜிஎம்எல் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம். வரைபடத்தின் பெயர், எந்தக் கோள், எந்தப் படம், எத்தனை நிலை வரை பெரிதாக்கலாம் என்பதெல்லாம் பார்த்தவுடன் புரிகிற மாதிரி இருக்கிறது. ஜனவரிக்கு வழிகாட்டியைப் பயன்படுத்தினேன். மற்ற மாதங்களுக்கு அந்தக் கோப்பையே நகலெடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். புதிய வரைபடத்தை முதல் முறை திறக்கும்போது மார்பிள் பெரிய படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்கிறது. அப்புறம் திரைக்குத் தேவையான சதுரங்களை மட்டும் எடுத்தால் போதும் என்பதால் வேகம் குறைவதில்லை.

வரைபடம் மாற்றும்போது உருண்டை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆப்பிரிக்காவைத் திரையின் நடுவில் நிறுத்தி ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் என்று மாற்றிக்கொண்டே போனால், சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் பச்சை வடக்கு நோக்கி ஏறி வருவதைப் பார்க்கலாம். டிசம்பருக்குள் அது மறுபடி இறங்கிவிடுகிறது. இந்தியாவில் மே மாதம் தக்காணம் முழுக்கப் பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையோரம் மட்டும் ஒரு பச்சைக் கோடு. செப்டம்பரில் அந்தக் கோட்டைச் சுற்றிலுமே பச்சை. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் முக்கிய மழை என்பதால் நம் கிழக்குப் பகுதி தாமதமாகத்தான் நிறம் மாறுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பல ஆண்டுகளின் சராசரி அல்ல. 2004-இல் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிடக் குறைவு. ஆகவே படத்தில் தெரியும் பச்சை ஒரு வறண்ட ஆண்டின் பச்சை.

ஒரே ஆண்டின் படம் என்பதில் இன்னொரு பயனும் உண்டு. மத்திய ஆசியாவில் ஏரல் கடலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் தெற்குப் பகுதியின் கிழக்குப் பாதியில் அப்போது நீர் இருந்தது. 2014-இல் அந்தக் கிழக்குப் பாதி முழுதும் வறண்டது. நீர் இருந்த காலத்துப் பூமி இப்போது என் கணினியில் சுழல்கிறது. ஏரல் கடல் பற்றி எவ்வளவோ படித்திருந்தும், இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த இழப்பின் அளவு எனக்கு உறைத்தது.

அடுத்து 21600 × 10800 படங்களுக்குப் போனேன். ஒரு பாகைக்கு 60 பிக்சல். நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் சுமார் 1.85 கிலோமீட்டர். சுருக்கத்தை நீக்கி விரித்தால் ஒரு படமே நினைவகத்தில் 930 எம்பிக்கு மேல் பிடிக்கும். வெட்டும்போது மற்ற நிரல்களை மூடி வைப்பது நல்லது. வெட்டி முடித்த பின் பழைய கணினியிலும் சிக்கல் இல்லை.

மார்பிளில் சூரிய நிழலையும் போடலாம். தேதியை ஜூன் 21-க்கு வைத்து ஜூன் படத்தைத் திறந்தால் வடதுருவம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது. டிசம்பருக்கு மாற்றினால் அங்கே இருட்டு. பருவமும் பகலிரவும் ஒரே திரையில் சேர்ந்து வருவதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முழு அளவுப் படம் 86400 × 43200. அதை எட்டுத் துண்டுகளாகத் தருகிறார்கள். தமிழ்நாடும் இலங்கையும் சி1 என்ற துண்டில் வருகின்றன. இப்போது அந்த ஒரு துண்டின் மே, டிசம்பர் படங்களை மட்டும் இறக்கி வைத்திருக்கிறேன். அவற்றை ஜிடால் கொண்டு சதுரங்களாக வெட்டி, உலகப் படத்தின் ஆழமான நிலைகளில் சேர்ப்பதுதான் அடுத்த வேலை.