திங்கட்கிழமை அறிக்கைகள்

நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க வாடவில் (பாட்டு, நகைச்சுவை, வித்தை எனப் பல சிறு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வரும் மேடைக் காட்சி) அரங்குகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நட்சத்திரங்களைவிட அரங்க மேலாளர்கள்தான் என்னை ஈர்க்கிறார்கள். பி.எஃப். கீத் நிறுவனத்தின் அரங்குகளில் திங்கட்கிழமை முதல் காட்சி முடிந்ததும் மேலாளர் உட்கார்ந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சில வரி எழுதி நியூயார்க் அலுவலகத்துக்கு அனுப்புவார். எத்தனை நிமிடம் ஓடியது, முழு மேடையும் தேவைப்பட்டதா, கைதட்டல் எப்படி, எந்த வசனத்தை வெட்டச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்திரைக்கு முன்னால் ஒருவர் பாடி முடிப்பதற்குள் பின்னால் அடுத்த நிகழ்ச்சிக்கு மேடை தயாராகிவிடும். எனவே மேடையளவும் முக்கியமான தகவல்தான்.

நியாயமாக எடை போடுவது எளிதல்ல. முதல் நிகழ்ச்சியின்போது ஜனங்கள் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் பேச்சே தேவைப்படாத கழைக்கூத்தையோ விலங்கு வித்தையையோ அங்கே வைத்தார்கள். கடைசி நிகழ்ச்சிக்குப் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். கடைசிக்கு முந்தையதுதான் ராஜ இடம். அந்த முதல் ஆளுக்குக் கிடைத்த சன்னமான கைதட்டலை அவருடைய திறமையின் அளவாகக் கொள்வது அநியாயம்.

அந்தச் சில வரிகளை நம்பித்தான் கலைஞர்களின் அடுத்த ஒப்பந்தங்கள் இருந்தன. கறுப்பினத்தவரையும் குடியேறிகளையும் இழிவாகச் சித்திரித்த நிகழ்ச்சிகளும் நல்ல பெயர் வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த அறிக்கைப் புத்தகங்கள் இன்று அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நாடக ஆய்வு செய்யும் நண்பர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.